நூறு புலம்

போன மாதம் மகள் துரொண்ட்ஹைமிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, தோள்பைக்குள்ளிருந்து ஒரு காகிதத் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். தேத்தண்ணிச் சாசரிலும் கொஞ்சம் சின்ன வட்டம். நடுவில் இரண்டு துளை. துளைகளுக்குள்ளால் தங்கூசி நூல் ஓடி, இரண்டு அந்தத்திலும் மரக்கட்டைப் பிடி.

"இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம் அப்பா."

"சோடா மூடி" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்க நியாயமும் இல்லை. பின்மார்க்கில், கடலும் பனியும் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊரில் 2001இல் பிறந்த பிள்ளை. சோடா மூடியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு யாழ்தேவி வரும்வரை பற்றைக்குள் ஒளிந்திருந்த கதையை நான் அவளுக்குச் சொன்னதில்லை. ரயில் ஏறிப்போன மூடி தகடாகிவிடும். ஆணியால் இரண்டு துளை போட்டு, அம்மாவின் தையல் நூலைக் கோத்து, முறுக்கேற்றி, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விட்டால் 'விர்'ரென்று சுழலும். அதன் விளிம்பால் பூவரசம் இலையை வெட்டலாம். அடுத்த வீட்டுப் பெடியனின் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பயப்படுத்தலாம். இவ்வளவுதான் அதனால் பயன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மகள் படிப்பது மருத்துவக் கருவிகள் செய்கிற பொறியியல். மின்சாரமும் ஆய்வுகூடமும் இல்லாத ஊர்களுக்குக் கையில் கொண்டுபோய், வந்திருக்கிற வருத்தம் என்னவென்று கண்டுபிடிக்கக்கூடிய சின்னச் சாமான்களைப் பற்றித்தான் அவளுடைய கடைசி வருட ஆய்வு. இந்தக் காகிதத் தட்டின் கதையை அவளே சொன்னாள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்று ஒருவர், இந்தியாவில் பிறந்தவர். 2013இல் உகண்டாவுக்குப் போனபோது ஒரு மருத்துவ நிலையத்தில், இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்றிபியூஜ் இயந்திரத்தைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்ததைக் கண்டாராம். இயந்திரம் இருக்கிறது, மின்சாரம் இல்லை. அவரும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்டதுதான் இந்தக் காகிதச் சுழலி. 2 கிராம் எடை, 20 சதம் விலை. இழுக்கிற இழுவையில் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும். ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்தின் சிவப்பு வேறு, மஞ்சள் நீர் வேறு என்று பிரிந்துவிடும்.

"நீங்கள் வன்னியிலை லாப்பிலை வேலை செய்தனீங்கள்தானே. இது அங்கை இருந்திருந்தா உதவியிருக்குமோ? எனக்கு ஒரு பேட்டி தரவேணும்" என்றாள். கேள்விகளை ஏற்கெனவே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ரெலிபோனை என் முன்னால் வைத்து ஒலிப்பதிவைப் போட்டாள். சொந்த மகளுக்குப் பேட்டி கொடுப்பதைப் போல வெட்கமான வேலை வேறில்லை.

இந்தப் பத்திரிகை நண்பரும் கனகாலமாக ஏதாவது எழுது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மகளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நடந்த நடையைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் அதை விட்டுவிடுகிறேன். 1996இல் கிளாலி தாண்டி வன்னிக்குள் வந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் என்பதுதான் தகுதி. செப்ரெம்பரில் கிளிநொச்சியும் போய்விட, சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டுக் கரையெல்லாம் கொட்டில் போட்டுக்கொண்டது. யாழ்ப்பாணத்தாருக்கு மலேரியா புதிது. வன்னிச் சனத்தின் உடம்பு அதற்குக் கொஞ்சமாவது பழகியிருந்தது. மாரி தொடங்க, கொட்டிலுக்குக் கொட்டில் காய்ச்சல். நடுங்குகிற ஆளை இரண்டு பேர் அமத்திப் பிடிக்கவேண்டும், அப்படி ஒரு நடுக்கம்.

ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அரசாங்கத்தில் முப்பது வருடம் மலேரியாக் கிருமி பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே தானாக வந்து நின்றார். நாங்கள் ஐயா என்போம். அவருக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. "என்ரை கண் போட்டுது, உங்கடை கண்ணைத் தாங்கோ" என்று எங்களில் மூன்று பேரைப் பிடித்து இரண்டு மாதம் பழக்கினார்.

அங்கே இருந்த ஆய்வுகூடத்தை ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். இரண்டு தரம் ஷெல்லுக்குப் பயந்து அப்படித்தான் அடக்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஓடினோம். ஒரு நுணுக்குக்காட்டி. சலத்தில் சீனி பார்க்க பெனடிக்ற் கரைசலும் ஒரு ஸ்பிரிற் லாம்பும். இரத்தம் ஊறிய ஒற்றுத்தாளின் சிவப்பை அட்டையிலிருக்கிற நிறங்களோடு ஒத்துப்பார்த்து இரத்தசோகையை மதிப்பிடுகிற ஒரு கொப்பி. கையால் சுற்றுகிற ஒரு சென்றிபியூஜ், அதன் பல்சில்லு தேய்ந்து பாதிச் சுற்றில் வழுக்கும். மகளின் காகிதத் தட்டு அன்றைக்கு இருந்திருந்தால் கர்ப்பிணிகளின் இரத்தசோகையைப் பார்க்க நிச்சயமாக உதவியிருக்கும். இதை அவளுக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

நுணுக்குக்காட்டிக்கு மின்குமிழ் கிடையாது. அடியில் ஒரு கண்ணாடி. அதைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடிக்கவேண்டும். நேர் வெயிலைப் பிடித்தால் கண் போய்விடும். வெள்ளை மேகத்தை அல்லது வெள்ளையடித்த சுவரைப் பிடிக்கவேண்டும். விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை வழுக்கியில் தடிப்பாகப் பூசிக் காயவிட்டு, பீல்ட் என்ற வெள்ளைக்காரர் 1941இல் எழுதிவைத்த முறைப்படி நீலச் சாயத்தில் ஐந்து விநாடி, தண்ணீரில் அலசி, சிவப்புச் சாயத்தில் மூன்று விநாடி. செங்குழியங்கள் எல்லாம் கரைந்துபோய், வெண்குழியங்களும் கிருமிகளும் மட்டும் மிஞ்சும். ஒரு நீல வளையம், அதிலே சிவப்பாக ஒரு குத்து. கல்லு வைத்த மோதிரம் மாதிரி. அதுதான் மலேரியா.

சொல்லும்போது சுகமாக இருக்கிறது. வில்லையின் மேல் வைக்கிற எண்ணெய் முடிந்துபோனால் தேங்காய் எண்ணெய் வைத்துப் பார்ப்போம், படம் கலங்கும். ஆமணக்கெண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுவோம். புது வழுக்கிகள் வராது. பார்த்து முடித்தவற்றைச் சவர்க்காரத் தண்ணியில் ஊறப்போட்டுக் கழுவித் துடைத்துத் திரும்பப் பாவிப்போம். கழுவிக் கழுவிக் கீறல் விழுந்த கண்ணாடியில், கீறலுக்குள் தேங்கிய சாயம் கிருமி மாதிரியே நிற்கும்.

இரவில் அவசரமாக யாரையாவது கொண்டுவந்தால் டைனமோதான். மண்ணெண்ணெய் பவுண் விலை. பற்றறி உள்ளே வரவே தடை. பக்கத்துக் கொட்டில் பெடியன் ஒருவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவான். குமிழின் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து நான் பார்ப்பேன். அவன் களைத்தால் எனக்கு இருளும். யாழ்ப்பாணத்தில் றேடியோச் செய்தி கேட்ட அதே வித்தை.

ஐயாவுக்கு ஒரேயொரு சட்டம்தான். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தம்பி, 'இருக்கு' எண்டு எழுத ஒரு கிருமி காணும். 'இல்லை' எண்டு எழுத நூறு புலம் வேணும்."

நுணுக்குக்காட்டிக்குள் ஒரு தரத்தில் தெரிகிற வட்டம் ஒரு புலம். வழுக்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த புலம். நூறு புலம் நகர்த்தி, ஒன்றிலும் காணாவிட்டால்தான் இல்லை என்று எழுதலாம். பதிவுக் கொப்பியில் அதற்கென்று ஒரு நிரல் கோடு போட்டு வைத்திருந்தார்: பெயர், வயது, இடம், பார்த்த புலம், முடிவு. நல்ல வெளிச்சத்தில் ஒரு வழுக்கிக்கு ஐந்து, ஆறு நிமிடம் பிடிக்கும்.

அது டிசம்பர் மாதம். நான்கு நாளாக விடாத மழை. வானம் அடுப்புக்கரி மாதிரி. டைனமோ சுற்றுகிற பெடியனுக்கே காய்ச்சல். ஐயாவும் படுத்துவிட்டார். அன்றைக்கு நாற்பது வழுக்கிகளுக்கு மேல். பின்னேரம் நாலரை மணிக்கு இன்னும் பாதி கிடக்கிறது. விறாந்தையில் சனம் நனைந்தபடி முடிவுக்குக் காத்திருக்கிறது. முடிவில்லாமல் குளிசை கொடுக்கமாட்டார்கள். தாண்டிக்குளத்தால் வருகிற மருந்து மட்டு மட்டாகத்தான் வரும், குளோறோகுயினை எண்ணி எண்ணித்தான் கொடுப்பது.

ஆறு வயதுப் பெடியன். பெயரை எழுதமாட்டேன். தாய் யாழ்ப்பாணத்து ஆள், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். ஆறு மைல் தள்ளி ஒரு குளக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவனுடைய வழுக்கியில் ஐம்பதாவது புலமளவில் கண் எரியத் தொடங்கியது. வெண்குழியம், வெண்குழியம், சாயக் கசடு, கீறல். அறுபதாவது புலத்தில் நிறுத்தினேன். எண்ணிக்கொண்டு வந்ததால்தான் அறுபது என்று தெரியும். கொப்பியில் 'பார்த்த புலம்' என்ற நிரலில் 100 என்று எழுதினேன். 'முடிவு' என்ற நிரலில், காணப்படவில்லை.

அவனுக்கு மட்டும் அப்படிச் செய்தேன் என்றில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்கு என்று எனக்கே தெரியாது.

டொக்டர் பனடோல் கொடுத்து, காய்ச்சல் நிற்காவிட்டால் நாளைக்குத் திரும்பக் கொண்டுவாங்கோ என்று தாயிடம் சொன்னார். சரியான வைத்தியம். மலேரியாவில் ஒரு 'இல்லை'யை நம்பக்கூடாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். ஆனால் அன்றிரவு குளம் வான் பாய்ந்து பாதை அடிபட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் இரவு, வலிப்பு வந்தபிறகு, யாரோ ஒருவர் தண்ணிக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனைக் கொண்டுவந்தார்.

திரும்ப விரலில் குத்தி, திரும்பப் பூசி, யாரோ டைனமோவைச் சுற்ற, நான் பார்த்தேன். முதல் புலத்திலேயே ஏழெட்டு வளையம். பல்சிபாரம். எங்கள் பக்கத்தில் அப்போது வருவது பெரும்பாலும் வைவாக்ஸ். அது ஆளை வாட்டும், ஆனால் கொல்வது அருமை. மூளைக்குப் போகிறது மற்றது. குயினைன் சேலைனோடு ஏற்றினார்கள். விடிய முன்னம் பிள்ளை முடிந்துவிட்டது.

தாய் அழவில்லை. அழுகிற பருவமெல்லாம் தாண்டிவிட்டது போலிருந்தது. விறாந்தைத் தூணில் சாய்ந்திருந்தபடி என்னைப் பார்த்துக் கேட்டா:

"தம்பி, அண்டைக்கு இருந்ததோ?"

"அண்டைக்கு இருக்கேல்லை அக்கா" என்றேன்.

விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த வழுக்கியைத் தேடியது. மிச்ச நாற்பது புலத்தையும் பார்க்கவேண்டும். அது சவர்க்காரத் தண்ணிக்குள் போய், கழுவப்பட்டு, துடைக்கப்பட்டு, வெறுங்கண்ணாடியாக அடுக்கில் இருந்தது. எந்தக் கண்ணாடி என்றுகூடத் தெரியாது. ஒருவேளை அன்றிரவு அவனுக்குத் திரும்பப் பூசியதே அதில்தானோ என்னவோ.

ஐயா இரண்டு நாள் கழித்து எழும்பி வந்து கொப்பியைப் புரட்டினார். பல்சிபாரம் கள்ளன், ஒரு பருவத்தில் உள்ளுறுப்புகளின் நுண் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும், விரல் நுனி இரத்தத்தில் ஒன்றும் தெரியாது, நூறல்ல இருநூறு புலம் பார்த்தாலும் தெரியாமல் போகலாம் என்று பொதுவாகச் சொன்னார். அது உண்மைதான், புத்தகத்திலும் இருக்கிறது. அந்த உண்மைக்குப் பின்னால் நான் இத்தனை வருடம் ஒளிந்திருக்கிறேன்.

1998 கடைசியில் நோர்வே வந்து சேர்ந்தேன். வந்த வழியும் அகதி முகாமும் எல்லாருக்கும் பொதுவான கதை. அடுத்த வருடம் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. 80களின் கடைசியிலிருந்தே எங்கடை பெடியள் அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். என்னை விட்டது வெளிச்ச மேசையில். பால்வெள்ளைத் தட்டுக்கு அடியில் நல்ல விளக்குகள் எரியும். மேலே கொட் மீனின் சதைத் துண்டங்கள் ஒவ்வொன்றாக வரும். சதைக்குள்ளால் வெளிச்சம் ஊடுருவ, சுருண்டு கிடக்கிற புழு நிழல் மாதிரித் தெரியும். க்வைஸ் என்பார்கள். கத்தி நுனியால் தோண்டி எறியவேண்டும். நவம்பர் கடைசி தொடங்கி தை நடுவரை அங்கே சூரியன் எழும்புவதே இல்லை. அந்த இருட்டுக்குள் எட்டு மணித்தியாலம், உலகத்திலேயே நல்ல வெளிச்சத்துக்கு முன்னால் நின்று மீனுக்குள் புழுப் பார்த்தேன். போர்மன் என் தோளில் தட்டி, உனக்கு நல்ல கண் என்றார். அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்ததற்குக் காரணம் மனைவிக்கு இன்றைக்கும் தெரியாது.

மகள் பேட்டியின் நடுவில் பையிலிருந்து இன்னொரு சாமான் எடுத்தாள். சின்ன வெள்ளைப் பிளாஸ்ரிக் சட்டத்துக்குள் ஒரு காகிதக் கீற்று. கொரோனாக் காலத்தில் எல்லாரும் மூக்குக்குள் விட்டுப் பார்த்தோமே, அதே சாதி. இது மலேரியாவுக்கு. ஒரு துளி இரத்தம், சில துளி கரைசல், பதினைந்து இருபது நிமிடம். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கு. நுணுக்குக்காட்டி வேண்டாம், சாயம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். பல்சிபாரக் கிருமி இரத்தத்தில் விடுகிற ஒரு புரதத்தை அது பிடிக்கிறதாம். அதனால் கிருமி உள்ளுறுப்பில் ஒளிந்திருந்தாலும், அது விட்ட புரதம் விரல் நுனிக்கு வந்துவிடும்.

நான் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்ப வந்தது?"

"இந்த மாதிரி இல்லை, ஆனா முதல் கீற்று தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலேயே வந்திட்டுது. தன்சானியாவிலை அப்பவே பரிசோதிச்சிருக்கினம்."

"தொண்ணூறிலையோ, இரண்டாயிரத்திலையோ?"

"தொண்ணூறுகள் அப்பா. ஏன்?"

கோப்பி போடப்போகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போனேன். நான் மழை இருட்டில் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம், உலகத்தில் வேறெங்கோ ஒரு பெட்டிக்குள் இது இருந்திருக்கிறது. அவ்வளவு காலமும் நான் அந்தச் சாவைக் காலத்தின் தலையில் போட்டிருந்தேன், அந்தக் காலத்தில் வேறு வழியில்லை என்று. வழி இருந்திருக்கிறது. பற்றறியையே விடாத பாதையால் இதை விட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

திரும்பி வந்து மகளோடு வாதாடத் தொடங்கினேன். ஏன் வாதாடினேன் என்று இப்போது விளங்குகிறது. இந்தக் கீற்றை வெயிலில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கெட்டுப்போகும், ஈரமும் ஆகாது என்றாள். கீற்று முடிந்தால் யார் தருவார்கள்? கழுவித் திரும்பப் பாவிக்கலாமா? பாவித்த பிளாஸ்ரிக்கை எங்கே போடுவது? எங்கள் வழுக்கியை ஐம்பது தரம் பாவித்தோம் பிள்ளை என்றேன், ஏதோ பெருமை மாதிரி. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எல்லாத்திலையும் குறைதான்" என்றாள். பிறகு அவளே தணிந்து, வறிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உள்ள கருவிகளைக் கணக்கெடுத்து 2011இல் வந்த ஓர் ஆய்வில், 38 வீதம் வேலைசெய்யாமல் கிடந்ததாகச் சொன்னாள். உதிரிப்பாகம் இல்லை, திருத்தத் தெரிந்த ஆள் இல்லை.

இதற்கு உகண்டாவரை போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அக்காவுக்குச் சலரோகம். இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷின் ஒன்று நான்தான் வாங்கி அனுப்பினேன். மெஷின் மலிவு. அதற்குள் செருகுகிற கீற்றில்தான் கம்பனிகள் உழைக்கின்றன. எனக்கு இங்கே அரசாங்கத்தின் நீலச் சீட்டில் கீற்று வருகிறது. அக்காவுக்கு நான் அனுப்பிய ஐம்பதும் இரண்டு மாதத்தில் முடிந்தது. பிறகு அந்த மெஷினுக்குப் பொருந்துகிற கீற்று அங்கே கடைகளில் இல்லை. இப்போது அது அலுமாரிக்குள், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவவுக்கு அதை எறிய மனமில்லை, தம்பி அனுப்பியது.

எரித்திரியாவில் நடந்ததையும் மகள்தான் சொன்னாள். எங்கள் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலைசெய்கிறவர்களில் மூன்று பேர் அந்த நாட்டுக்காரர்கள் என்பதால் காது கொடுத்துக் கேட்டேன். செங்கடல் பக்கத்து ஆஸ்பத்திரிகள் இரண்டில், காய்ச்சலில் நடுங்குகிற ஆட்களுக்குக் கீற்று ஒரு கோடுதான் காட்டியிருக்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிருமி. தேடிப்பார்த்ததில், அந்தக் கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றிடம் அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவே இல்லை. கீற்று எதைத் தேடுகிறதோ அதையே கிருமி கைவிட்டுவிட்டது. 2016இல் எரித்திரியா அந்தக் கீற்றையே மாற்றவேண்டி வந்தது. நுணுக்குக்காட்டியும் அதைப் பார்க்க ஓர் ஆளும் அந்த ஆஸ்பத்திரிகளில் மிஞ்சியிருந்தபடியால்தான் பிழை பிடிபட்டிருக்கிறது. ஐயா இருந்திருந்தால் இந்தக் கதையை மிகவும் ரசித்திருப்பார்.

நான் வெளிக்கிட்ட மறுவருடம், 1999இல், இலங்கை முழுவதிலும் 2,64,000க்கு மேற்பட்ட மலேரியா நோயாளர். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு 2016 வரை உள்நாட்டில் தொற்றிய ஒருவர்கூட இல்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடென்று சான்றிதழ் கொடுத்தது. போர் நடந்த வருடங்களிலும் மலேரியாத் தடை இயக்கத்து ஆட்கள் இரண்டு பக்கமும் போய் மருந்தடித்தார்கள், நுளம்புவலை கொடுத்தார்கள். நடமாடும் கிளினிக்குகள் காட்டோரக் குடியிருப்புகளுக்குப் போயின. இரத்தம் பார்க்கிறவர்கள் காய்ச்சல்காரர் வரட்டும் என்று இருக்கவில்லை, தாங்களே தேடிப்போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு நிறையப் பேர் அதை அனுப்பினார்கள். நான் ஒருவருக்கும் பதில் போடவில்லை. சந்தோஷம் இல்லாமலில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் ரயிலுக்கு வெளிக்கிடமுதல், கொப்பியில் இரண்டொரு கேள்வி மிச்சம் என்று வந்து இருந்தாள். காகிதத் தட்டை எடுத்து, என் விரலிலேயே குத்தி, ஒரு மெல்லிய குழாயில் இரத்தம் பிடித்து, தட்டில் ஒட்டி, "இழுங்கோ" என்றாள். கை மறக்கவில்லை. இரண்டு இழுவையில் தாளம் பிடிபட்டது. 'விர்'ரென்ற அதே சத்தம். ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு குழாயைப் பார்த்தால், அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். அவள் அதைப் படம் எடுத்தாள்.

"மற்றது அப்பா, ஒரு வழுக்கிக்கு எத்தனை புலம் பாத்தனீங்கள்?"

"நூறு பாக்கவேணும்."

"பாக்கவேண்டியது இல்லை. நீங்கள் உண்மையிலை எத்தனை பாத்தனீங்கள்? எனக்குச் சராசரி வேணும். எவ்வளவு நேரம் மிச்சம் எண்டு கணக்குப் போடுறதுக்கு."

"அறுபது."

அவள் 60 என்று எழுதி அடியில் கோடு போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள். நான் கையை நீட்டி ரெலிபோனின் ஒலிப்பதிவை நிற்பாட்டினேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.